நூற்றைம்பத்து நாலு

"மகளுக்கோ, மிஸ்ஸி?"

சமாதான நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். அவருடைய மேசையில் கிடந்தது 2015ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகள் நிரப்பும் விண்ணப்பப் படிவம். என் கையொப்பத்தை உறுதிப்படுத்தி அவர் முத்திரை குத்தித் தரவேண்டும். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

"இல்ல சேர். எனக்குத்தான்."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறந்த ஆண்டு 1978. பாடங்கள் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். அவருடைய தாயாரின் கடைசி இரவில் அந்தக் கட்டிலடியில் நின்றவள் நான். என்னைப் பற்றி அவருக்குப் புதிதாகத் தெரியவேண்டியது எதுவும் இல்லை. பேசாமல் கையொப்பம் வைத்தார். படிவத்தை நீட்டும்போதுதான், "டொக்டருக்குப் படிக்கப் போறீங்களோ?" என்றார்.

"ஓம் சேர்."

பதினைந்து வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த ஆசையை இன்னொருவர் காதுகேட்க முதன்முதலில் சொன்னது அங்கேதான்.

எங்கள் ஊர் திருக்கோவில். கிழக்கே கடல், மேற்கே வயல், கடலோரம் சித்திரவேலாயுத சுவாமி கோயில். 1990இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு, படிப்பு ஒன்றைத்தான் யாரும் பறிக்கமுடியாது என்று சொல்லிச் சொல்லியே அப்பா எங்களை வளர்த்தார். 1997இல் முதல்முறை உயர்தரம் எழுதினேன். அப்போது நான்கு பாடம். இன்று உயிரியல் என்று ஒன்றாக இருப்பது அன்று தாவரவியல், விலங்கியல் என்று இரண்டாக இருந்தது. பௌதிகவியல் படிப்பிக்க ஊரில் ஆளில்லை. அக்கரைப்பற்றுக்கு ரியூசனுக்குப் போனால் சோதனைச் சாவடிகளைத் தாண்டி இருட்டுமுன் வீடு வந்து சேரவேண்டும். 1998இல் இரண்டாம் முறை எழுதினேன். மருத்துவபீடத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. அதற்குள் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

அழுதுகொண்டுதான் போனேன். ஆனால் முதல் வருடம் முடியுமுன்பே அந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. படுக்கையை விட்டு எழும்பாத ஒருவரை நோகாமல் புரட்டிப் படுக்கவைப்பதும், முதுகில் புண் வருமுன்பே தோலின் சிவப்பைக் கண்டுகொள்வதும், மூச்சின் சத்தம் மாறுவதைத் தூரத்திலேயே கேட்பதும் சாதாரண அறிவல்ல. எங்கள் பகுதியில் சனங்கள் எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழாளும் முஸ்லிமாளும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே நடுச்சாமத்தில் எழுந்து ஓடலாம். நான் டொக்டராக ஆசைப்பட்டது தாதி வேலை பிடிக்காமல் அல்ல. அந்த வேலையே என்னிடம் எழுப்பிய கேள்விகளுக்கு விடை தேடித்தான்.

முதல் கேள்வி 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. அந்த ஞாயிறு காலையில் அலை எங்கள் கரை முழுவதையும் அள்ளிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உயிரோடு கிடைத்தவர்களை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தகரமும் கம்பியும் கிழித்த காயங்கள், உள்ளே மண்ணும் சேறும். நான் தையலுக்கு ட்ரேயை எடுத்து வைத்தேன். மூத்த டொக்டர் ஒருவர், "தைக்க வேணாம்! கழுவுங்க, திறந்து விடுங்க" என்று சத்தம்போட்டார். பிளந்து கிடக்கும் காயத்தை அப்படியே விடுவது எனக்குப் பாவம்போல இருந்தது. நாலைந்து நாள் கழித்து, வேறு இடங்களில் அன்றைக்கே தைத்துவிட்ட காயங்கள் வீங்கிச் சீழ்கட்டி எங்களிடம் வந்தன. திறந்து விட்டவை சிவந்து சுத்தமாக இருந்தன.

ஏன் என்று அவரிடம் கேட்டேன். நடைபாதையில் நின்றபடியே, மருந்துப்பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். காற்றுப்படாத ஆழத்தில் வளரும் கிருமிகள், செத்த தசை, மூடிய தையல். பத்து நிமிடம்தான். அந்த அட்டையை வருடக்கணக்காக என் அலுமாரியில் வைத்திருந்தேன். மூன்று வருடப் பயிற்சியில் காயத்தை எப்படிக் கழுவுவது என்று திறமாகப் படித்திருந்தேன். எந்தக் காயத்தை ஏன் மூடக்கூடாது என்பதை அந்த அட்டையிலிருந்துதான் படித்தேன்.

இன்னொன்று புடையன் பாம்புக் கடி. எங்கள் பக்கம் வயல் வெட்டும் காலத்தில் இரவில் அடிக்கடி வரும். கடிபட்டவரின் இரத்தத்தில் கொஞ்சத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்கவேண்டும். பிறகு மெல்லச் சரித்துப் பார்க்கவேண்டும். உறைந்திருந்தால் நிம்மதி. தண்ணீர்போல ஓடினால் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்துவிட்டது என்று அர்த்தம். விஷமுறி மருந்து ஏற்றியாகவேண்டும். அந்த மருந்தே சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையைத் தரும் என்பதால், முன்கூட்டியே தோலுக்கடியில் சிறிதளவு அட்ரினலின் போடுவோம். போடச் சொன்னார்கள், போட்டேன். அது இலங்கை மருத்துவர்கள் 1,007 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு உறுதிப்படுத்திய வழக்கம் என்பதும், 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

ஒரு மழை இரவு. கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில், படிப்பு முடித்து வந்து சில மாதமேயான இளம் டொக்டர். நல்ல பிள்ளை. "மிஸ்ஸி, நீங்க நிறையப் பார்த்திருப்பீங்க. இப்ப என்ன செய்யிறது?" என்று மனம்விட்டுக் கேட்டார். குழாயைச் சரித்தேன். இரத்தம் ஓடியது. சொன்னேன். அவர் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான பி.எச்.ரி.யில் எழுதினார். அவர் எழுதியபடி நான் மருந்தை ஏற்றினேன். விடியும்போது அந்த வயல்காரர் பால்தேத்தண்ணி கேட்டார். அந்த டொக்டர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வீட்டுக்கு நடந்து போகும்போது ஒரு யோசனை. எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது, ஏன் என்பது பாதிதான் தெரிந்தது. அவருக்கு ஏன் என்பது முழுவதும் தெரிந்திருந்தது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படியிருக்கும்?

நம் நாட்டில் அரச மருத்துவபீடங்களுக்குப் போக வழக்கமான வழி உயர்தரப் பரீட்சைதான். அந்தந்த ஆண்டின் பெறுபேறுதான் கணக்கு. பல்கலைக்கழக அனுமதிக்கு ஒருவருக்கு மூன்று தடவைதான். 2001இல் பாடப் புள்ளிகளை ஒப்பிட்டுத் தரப்படுத்தும் இசட் புள்ளி வந்தது. நாற்பது சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்டங்களுக்கு, மீதி ஐந்து எங்கள் அம்பாறை உட்படக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதினைந்து வருடம் வாட்டில் நின்றதற்கு இந்தக் கணக்கில் ஒரு தசமமும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு தடவை மிச்சம் இருந்தது.

"இந்த வயசில எதுக்கு மனே?" என்றார் மாமி. சொன்னவர்தான், மறுகா நான் நைட் முடித்து வரும்போதெல்லாம் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி வைத்திருந்தார். வீட்டுக்காரர் வயல்வேலை செய்பவர். பழைய கதவுப் பலகையில் எனக்கென்று ஒரு மேசை அடித்துத் தந்தார். இரவு டியூட்டி முடிந்தால் குளித்துவிட்டுக் கல்முனை பஸ் ஏறுவேன். தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் ஜன்னலோரம் இருந்து குறிப்புக் கொப்பியைப் புரட்டுவேன். பாதி நாள் கொப்பி மடியிலேயே இருக்க உறங்கிப்போவேன்.

ரியூசனில் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் அக்கா என்றார்கள், முஸ்லிம் பிள்ளைகள் ராத்தா என்றார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் மிஸ்ஸி ஆகிவிட்டேன். எனக்கு இடித்தது மொழிதான். வாட்டில் நாங்கள் ஆர்ட்டரி, வெயின் என்போம். பாடப்புத்தகத்தில் அது நாடி, நாளம். என் கை தினமும் தொடும் நாளத்தின் பெயரை நான் திரும்பத் தமிழில் படிக்கவேண்டியிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியவர். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே இந்தத் தீவில் தமிழ் மருத்துவத்துக்குப் போதுமாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அந்தச் சொற்களைப் பாடமாக்கினேன்.

இரசாயனவியல் சேர் ஒருநாள் ஒரு கணக்குப் போட்டார். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் கறியுப்பு கரைந்திருக்கிறது. எத்தனை மூல்? சோடியம் 23, குளோரின் 35.5, கூட்டினால் 58.5. ஒன்பதை ஐம்பத்தெட்டரையால் வகுத்தேன். 0.154 வந்தது. பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு லீற்றருக்கு 9 கிராம் என்பது எங்கள் சேலைன். 0.9 சதவீதம். அந்தப் போத்தலின் லேபலில் சிறிய எழுத்தில் இருக்கும்: சோடியம் 154, குளோரைட் 154, லீற்றருக்கு மில்லிமூல். பதினைந்து வருடமாக எத்தனை ஆயிரம் போத்தலைத் தலைகீழாகத் தூக்கி மாட்டியிருப்பேன்! அந்த 154 என் கண்முன்னால் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. யாரோ எங்கோ அச்சடித்த இலக்கம் என்று நினைத்திருந்தேன். இன்று அது என் கையிலிருந்து பிறந்தது. நான் அழுவதைப் பார்த்துச் சேர் பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும், அடுத்த வகுப்புக்கு ஒரு வெறும் சேலைன் போத்தல் கொண்டுவரச் சொன்னார். அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டு அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குத் திரும்பச் செய்து காட்டினார்.

பௌதிகவியலிலும் அப்படி ஒருநாள் வந்தது. குழாயினூடாகப் பாயும் திரவத்துக்கான புவாசேயின் சமன்பாடு. ஓட்டம் ஆரையின் நாலாம் அடுக்கோடு ஏறும், குழாயின் நீளத்தோடு குறையும். ஆரை இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு. இரத்தம் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்குப் பிங்க் கனுலாவை விட்டுவிட்டுப் பச்சையையோ சாம்பல் நிறத்தையோ தேடி ஏன் ஓடுகிறோம் என்பதும், நீண்ட மெல்லிய குழாய் அவசரத்துக்கு ஏன் உதவாது என்பதும் ஒரே வரியில் அடங்கிவிட்டது. பக்கத்துப் பிள்ளைக்கு அது பரீட்சைக்கு வரும் ஒரு சமன்பாடு. எனக்கு அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரசவ வாட்டில் வெளிறிப்போன முகங்கள் வரிசையாக நின்றன.

அந்த வருடம் நோன்பு பரீட்சைக்கு முந்திய மாதங்களில் வந்தது. பின்னேர வகுப்பு நோன்பு திறக்கும் நேரத்தில் நிற்கும். சேரின் வீட்டிலிருந்து பெரிய பானையில் நோன்புக் கஞ்சி வரும். "மிஸ்ஸி ராவு முழுக்க முழிச்சவங்க, அவங்களுக்கு முதல் ஊத்துங்க" என்பார். அந்தக் கஞ்சியின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

ஓகஸ்டில் பரீட்சை. பரீட்சைக் காலத்துக்குள்ளேயே ஆடி அமாவாசையும் வந்தது. அப்பாவுக்காக விடியற்காலையில் கடலில் தீர்த்தமாடிவிட்டு, ஈரத் தலையோடு வந்து அடுத்த பாடத்துக்குப் படிக்க உட்கார்ந்தேன். பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாம் பள்ளிச் சீருடையில் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள். பதினைந்து வருடம் வெள்ளை உடுத்தவள் நான். அந்த மண்டபத்தில் நிறச்சேலையோடு நான் ஒருத்திதான். பொறுப்பாளர் என்னை மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை என்று நினைத்து முன்னுக்குக் கூப்பிட்டார். சுட்டெண்ணைக் காட்டினேன். தலையசைத்து என் மேசையைக் காட்டினார்.

பொங்கலுக்கு முன் பெறுபேறு வந்தது. உயிரியல் பி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ். மூன்றிலும் சித்தி. மருத்துவபீடத்துக்கு அது கிட்டவும் வராது. மூன்றாவது தடவையும் முடிந்தது.

அதன் பிறகு வெளிநாட்டு வழியைப் பலர் சொன்னார்கள். பங்களாதேஷ், சீனா என்று எங்கள் கரையிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். திரும்பி வந்து மருத்துவ சபைக்கான தகுதிப் பரீட்சையைத் தாண்டி, உள்ளகப் பயிற்சியும் முடித்தால் டொக்டர். வீட்டுக்காரர் வயலை விற்கலாம் என்றார். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, வாங்குபவரிடமே கதைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு இரவு யோசித்தேன். நான் திரும்பிவர நாற்பத்தைந்து வயதாகும், மகள் என்னைப் பார்க்காமல் பெரியபிள்ளையாகியிருப்பாள். வேண்டாம் என்றேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். அங்கே படிக்கும்போதுதான் சிசிலி சோண்டர்ஸ் என்ற பெயர் எனக்கு வந்தது. 1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியாகப் பயின்றவர். முதுகுநோவால் அந்த வேலையைத் தொடரமுடியாமல் மருத்துவ சமூக ஊழியரானார். மாலைகளில் சாகும் நிலையில் இருப்பவர்களுக்கான ஓர் இல்லத்தில் தொண்டராக நின்றார். அங்கே மோர்ஃபினை நோவு திரும்பி வருமுன்பே நேரந்தவறாமல் கொடுத்ததால் நோயாளிகள் நிம்மதியாக இருந்தார்கள். மற்ற இடங்களில் நோவு தாங்காமல் கத்திய பிறகே கொடுத்தார்கள். இதை மாற்ற வேண்டுமானால் நீ போய் மருத்துவம் படி, அல்லாவிட்டால் உன் சொல்லை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற கருத்தில் அவருக்கு ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் ஆலோசனை சொன்னார். 33 வயதில் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1957இல் டொக்டரானார். 1967இல் அவர் லண்டனில் தொடங்கிய சென் கிறிஸ்தோபர்ஸ் இல்லத்திலிருந்துதான் இன்றைய நோவுதணிப்புப் பராமரிப்பு உலகெங்கும் பரவியது.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் கண்டது ஒரு தாதியின் கண்ணால் கண்டது. கட்டிலடியில் மணிக்கணக்காக நிற்பவர்தான் நோவு எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறது என்று பார்ப்பார். ஆனால் கண்டதைச் செய்ய வைப்பதற்கு அவருக்கு டொக்டர் என்ற பெயர் தேவைப்பட்டது. அவருக்கு ஒரு கதவு திறந்தது. அந்தக் கதவு பிறகு பல நாடுகளில் ஒரு வழியாகவே ஆகிவிட்டது. அவுஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இலும், லண்டனில் சென் ஜோர்ஜஸ் 2000த்திலும், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு நாலு வருட மருத்துவப் படிப்பைத் தொடங்கின. இந்தியாவில் நீட் தேர்வுக்கு இருந்த மேல்வயது எல்லையை 2022இல் எடுத்துவிட்டார்கள். அதே வருடம் தருமபுரி மாவட்டத்தில் 61 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலந்தாய்வுவரை போய், ஓர் இளம்பிள்ளைக்கு இடம் கிடைக்கட்டும் என்று விலகிக்கொண்டார்.

அந்த ஆசிரியர் செய்தது பெரிய மனது. வயது போனவர்களுக்கு இடம் கொடுத்தால் இளையவர் ஒருவரின் நாற்பது வருடச் சேவை போய்விடும் என்பவர்களின் நியாயமும் எனக்கு விளங்கும். ஆனால் எங்கள் கரையின் கணக்கு வேறு. டொக்டர்மார் வருவார்கள், ஓரிரு வருடம் இருப்பார்கள், மேற்படிப்புக்கோ பெரிய நகரத்துக்கோ மாறிப்போவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலர் நாட்டையே விட்டுப் போனார்கள். முப்பத்தைந்து வயதில் மருத்துவம் படிக்கப்போகும் ஒரு தாதிக்கு இங்கே வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, கோயில் இருக்கிறது. அவள் எங்கே போவாள்? எங்கள் பாட்டன்மார் காலத்தில் அப்போத்திக்கரி என்றொருவர் இருந்தார். குறுகிய பயிற்சியோடு ஊர் மருந்தகங்களைச் சுமந்தவர் அவர். பிற்காலத்தில் பதிவுபெற்ற மருத்துவ உத்தியோகத்தர் என்று அழைக்கப்பட்ட அந்த வரிசைக்கான பயிற்சியும் நின்றுபோயிற்று. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானபீடத்தில் மருத்துவமும் தாதியியலும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஆனால் ஒரு வகுப்பறையிலிருந்து மற்றதற்குப் போக வழியில்லை.

நான் கேட்பது சலுகையல்ல. பத்து வருடம் வாட்டில் நின்ற தாதியருக்கென்று ஒரு நுழைவுப் பரீட்சை. இரசாயனவியலும் பௌதிகவியலும் அதில் இருக்கட்டும், அதன் பெறுமதி எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு சில இடங்கள். படித்து முடித்தால் சொந்த மாவட்டத்தில் பத்து வருடம் வேலைசெய்யும் ஒப்பந்தம். எனக்கு இது பிந்திவிட்டது. எனக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பிந்தக்கூடாது.

இப்போது பயிற்சிக்காக வாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு சேலைன் போத்தலைக் கையில் கொடுப்பேன். லேபலை வாசிக்கச் சொல்வேன். 154 எங்கிருந்து வந்தது என்று தாளில் போட்டுக் காட்டச் சொல்வேன். போன மாதம் ஒரு பிள்ளை கணக்கை முடித்துவிட்டுப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, இரத்தத்தில குளோரைட் நூறு அளவுதானே? இதில ஏன் நூற்றைம்பத்து நாலு? கனக்க ஏத்தினா என்ன நடக்கும்?"

நானாக ஒருபோதும் கேட்காத கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரவு இருந்து படித்தேன். போத்தல் போத்தலாக ஏற்றினால் குளோரைட் கூடி இரத்தம் அமிலப் பக்கம் சாயும். அதனால்தான் சில நோயாளிகளுக்கு டொக்டர்மார் ஹார்ட்மன் கரைசலை எழுதுகிறார்கள். மறுநாள் கட்டிலடியில் நின்று அவளுக்கு அதை விளங்கப்படுத்தினேன். முடித்துவிட்டு, "உயர்தரம் எத்தனை தரம் எடுத்தனி?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம், மிஸ்ஸி."

அடுத்த நாள் டியூட்டிக்குப் போகும்போது, கதவுப் பலகை மேசையின் லாச்சியிலிருந்து கல்முனைக் குறிப்புக் கொப்பிகளை எடுத்துத் தூசு தட்டி, பையில் வைத்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.